பேர் போடாத பதில்

"இது நம்ம செல்வராணி அக்காதானே"ன்னு பவித்ரா கமெண்ட் போட்டுட்டா, பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி வேற, அதோட விடாம அக்கா பேரத் தட்டினா நேரா அக்கா பக்கத்துக்கே போற மாதிரி டேக்கும் பண்ணி வச்சிருக்கா, நான் கண்ணாடிக் கடை கவுண்டர்ல ஒரு கையில லென்ஸ் துடைக்கிற துணியும் ஒரு கையில போனுமா அந்த நீலக் கலர் பேரையே பாத்துட்டு நிக்கிறேன், ஐயோ பவி, என்னடி பண்ணி வச்சிருக்க, இல்ல, அவ என்ன பண்ணா, அவ சந்தோஷத்துல போட்டிருக்கா, அக்கா செம, அக்கா மாஸ்னு போட்டிருக்கா, யாரோ எழுதுன பதில நம்ம தையல் குரூப்ல அட்டையா செஞ்சு போட்டது நான்தானே, மஞ்சக் கலர் அட்டை, ஓரத்துல ஊசியும் நூலும், நடுவுல பெரிய எழுத்துல, "எங்க வீட்டுக்காரரு பஞ்சாயத்துத் தலைவர் எலெக்‌ஷன்ல நின்னாரு. நான் அவருக்குப் போடல. ஓட்டுப் போடுற அந்த அட்டை மறைப்புக்குப் பின்னாடி நின்ன கொஞ்ச நேரம் மட்டும்தான் என் பின்னாடி யாரும் நிக்கல", அதுக்குக் கீழ சின்னதா, அழகா இருக்கட்டும்னு, "தையல் தோழி, நத்தம் பக்கம்". பேரு போடல. பேரு போடலல்ல நானு. பேரு எனக்கே தெரியாது, பேரு கேக்கவே இல்ல, குரூப்ல நான் கேட்ட கேள்விக்கெல்லாம் மேலயே போட்டிருந்தேன், பயப்படாம சொல்லுங்க தோழிகளே, யாரு எழுதுனதுன்னு எங்களுக்கே தெரியாதுன்னு, ஆனா எனக்குத் தெரியாட்டி என்ன, நத்தம் பக்கம் வீட்டுக்காரர் தலைவருக்கு நின்ன தையக்காரம்மா எத்தன பேரு இருப்பாங்க, இத ஏன் நான் காலையில யோசிக்கல, காலையில பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்ச குஷியில கலர் மாத்தி மாத்தி பாத்துட்டு வந்தேனே, மஞ்சளா ரோஸான்னு, அத யோசிச்ச மண்டைக்கு இது ஏன் தோணல.

"ஏம்மா, மூக்க கடிக்குதும்மா இது"ன்னு ஒரு ஐயா முன்னாடி நிக்கிறாரு, புது பிரேம், நான்தான் நேத்து மாட்டி அனுப்புனேன், வாங்கி மூக்குல ரெண்டு பக்கமும் உக்கார்ற சின்ன பேட லேசா விரிச்சு விடுறேன், "இப்பப் பாருங்கய்யா", "இப்ப வழுக்குது", "கொஞ்சம் இருங்க", ஜெரினா பக்கத்துல பில் போட்டுக்கிட்டே, "என்னடி, போனையே பாக்குற, லவ்வா"ங்கிறா, "போடி"ங்கிறேன், சிரிக்கவும் செய்றேன், வாயி அதுபாட்டுக்கு சிரிக்குது. அட்டைய எடுத்துட்டேன். பவி கமெண்ட் வந்து கொஞ்ச நேரந்தான் ஆச்சு, எடுத்துட்டேன், அட்டை போச்சுன்னா அதுக்குக் கீழ இருக்கிற கமெண்டும் போயிரும்ல, போயிரும், போயிருச்சு, திருப்பித் திருப்பி பாக்குறேன், இல்ல, குரூப்ல இல்ல. ஆனா ஷேர் பண்ணிருந்தாங்களே, காலையில நான் அத எண்ணி எண்ணி சந்தோஷப்பட்டேனே, அல்போன்சா அக்காவுக்கு வேற அனுப்புனேனே, பாருங்கக்கா நம்ம குரூப் எப்டி போகுதுன்னு. ஊசிநூல் தோழிகள் குரூப்ப ஆரம்பிச்சதே அல்போன்சா அக்காதான், பழனில கடை வச்சிருக்காங்க, பிளவுஸ் கட்டிங், கழுத்து டிசைன், மிஷின் ரிப்பேர்னு ஆரம்பிச்சது இன்னிக்கு எங்கெங்கயோ இருந்து பொம்பளைங்க வந்து நிக்கிறாங்க, ராத்திரி பகல்னு போட்டோ போடுறாங்க, என்னையும் அட்மினா போட்டாங்க, நீ சின்னப் பொண்ணு, போன்ல எல்லாம் தெரியுது, நீ பாத்துக்கடின்னு. பாத்துக்கிட்டேன்.

கேள்வியெல்லாம் நான்தான் எழுதுனேன், எவ்ளோ ஆசையா எழுதுனேன் தெரியுமா, கடையில கூட்டம் இல்லாத நேரத்துல, சாப்பாட்டு டப்பாவ ஒரு பக்கம் தள்ளி வச்சிட்டு, ஆரம்பம் என்னமோ சின்ன விஷயந்தான், மாசாமாசம் நம்ம குரூப்ல நல்ல பிளவுஸுக்கு ஓட்டு வைப்போம், அதுல எப்பவும் அல்போன்சா அக்கா யாருக்கு ஹார்ட் போடுறாங்களோ அவங்களே ஜெயிக்கிறாங்க, நல்லா தைக்கிறவங்க தோத்துர்றாங்க, அதப் பாத்து எனக்கு ஒரே ஆர்வம், பொம்பளைங்க எப்டி ஓட்டுப் போடுறாங்க, யாரப் பாத்து போடுறாங்க, கேட்டுருவோம்னு ஆரம்பிச்சேன். முதல்ல சாதாரண கேள்வி, எத்தன வருஷமா தைக்கிறீங்க, எந்த ஊர்ப் பக்கம் நீங்க, வீட்ல தையலா கடையில தையலா, அப்புறம் குரூப்ல ஓட்டுப் போடும்போது பிளவுஸப் பாத்து போடுவீங்களா ஆளப் பாத்து போடுவீங்களா. அங்கயே நிறுத்திருக்கலாம். அப்புறம் எனக்கா ஒரு வேகம், சரி, ஊர் எலெக்‌ஷன்ல எப்டின்னும் கேட்டா என்னன்னு, உங்க ஓட்ட யாரு முடிவு பண்றாங்கன்னு எழுதி, அது யாரையோ குத்துற மாதிரி இருக்கேன்னு அழிச்சு, ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி யாருகிட்ட பேசுவீங்கன்னு மாத்தி, ஆப்ஷன் வச்சேன், வீட்டுக்காரரு, அப்பா, பிள்ளைங்க, யாருகிட்டயும் இல்ல, அந்தக் கடைசி ஆப்ஷன் எழுதுறப்ப எனக்கே சுருக்குன்னுச்சு, ஏன்னா என் முதல் ஓட்டு, அப்பா காலையிலயே சின்னம் எழுதுன துண்டுச்சீட்டு குடுத்தாரு, நான் அதயே அமுக்கிட்டு வெளிய வந்து மை வச்ச விரல நீட்டி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன், என் ஓட்டு என் உரிமைன்னு. அதுக்கு எத்தன லைக்கு. அதனாலதான் இருக்கும், அந்தப் பதில் வந்தப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. எல்லாக் கேள்விக்கும் கீழ ஒரு காலிப் பெட்டி வச்சிருந்தேன், வேற ஏதாச்சும் சொல்லணும்னா இங்க சொல்லுங்கன்னு, பாதிப் பேரு அதுல நன்றி, வாழ்க வளமுடன், மிஷினுக்கு பாபின் கேஸ் எங்க நல்லது கெடைக்கும்னு எழுதிருந்தாங்க, நடுவுல இது. நான் அத எத்தன தடவ படிச்சிருப்பேன். பஸ்ல படிச்சேன், கடையில படிச்சேன், இப்டி ஒருத்தி இருக்காளான்னு, நான் பண்ணாதத ஒருத்தி பண்ணிருக்காளேன்னு, அது எனக்கு மட்டும் வந்த பதில் மாதிரி இருந்துச்சு. எனக்கு மட்டும் வந்ததா வச்சிருந்திருக்கலாம்.

போன் அடிக்குது, அல்போன்சா அக்கா, கடைக்குப் பின்னாடி லென்ஸ் தேய்க்கிற மிஷின் இருக்கிற ரூமுக்கு ஓடுறேன், தண்ணியும் கண்ணாடித் தூளும் சேந்த வாசம், "ஏண்டி இந்து, என்ன பண்ணி வச்சிருக்க"ங்கிறாங்க எடுத்ததுமே, "எடுத்துட்டேங்க்கா, குரூப்ல எடுத்துட்டேன்", "நீ குரூப்ல எடுத்தா, அவங்க ஊரு வாட்சப்புல சுத்துதுடி அது, பவித்ரா கமெண்டோட சேத்து போட்டோ புடிச்சு எவனோ போட்டுட்டான்", மிஷின் சர்ருன்னு ஓடுது, "உனக்கு அந்த வீட்டுக் கதை தெரியுமா", "தெரியாதுக்கா", "செல்வராணி வீட்டுக்காரரு தங்கப்பாண்டி, பூட்டு சாவி சின்னத்துல நின்னாரு, ஒரு மினி பஸ்ல ஏத்திரலாம், அவ்ளோ கொஞ்ச ஓட்டுல தோத்தாரு. அன்னையிலருந்து யாரு போடல யாரு போடலன்னு வீடு வீடாப் போயி கேட்டு, கடைசியில கூடப்பொறந்த தம்பி வீட்டுமேல பழியப் போட்டு, பேச்சுவார்த்தை கெடையாது, தம்பி மக சடங்குக்குக் கூடப் போகலடி", "அக்கா...", "செல்வராணிய விடல அங்க போறதுக்கு. நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு எப்டி உக்காந்திருப்பா பாத்துக்க", "அக்கா, அது அவங்கன்னு எனக்கு எப்டி தெரியும்", "உனக்குத் தெரியாதுடி. ஊருக்குத் தெரியும்ல." வச்சிட்டாங்க. நான் ரூம்லயே நிக்கிறேன். தம்பி வீட்டுக்காரங்க இப்ப என்ன நெனப்பாங்க, நாங்க இல்லன்னு அன்னைக்கே சொன்னோமேன்னு வருவாங்களா, வந்தா அது இன்னும் மோசமில்ல, செல்வராணி அக்கா வீட்ட நான் நேர்ல பாத்ததில்ல, வீடியோல பாத்திருக்கேன், பச்சை சுவரு, ஜன்னலுக்குக் கீழ மிஷின், கழுத்துல டேப்பு, முகத்த காட்ட மாட்டாங்க, கைய மட்டுந்தான் காட்டுவாங்க, பிளவுஸ்ல கை சேர்ற கம்கூட்டுல சுருக்கம் விழாம எப்டி திருப்புறதுன்னு வாய்ஸ் நோட்டு போடுவாங்க, பின்னாடி மிஷின் ஓடுற சத்தத்தோட, நடுவுல திடீர்னு குரல தணிச்சு, "இருங்க தோழிகளே, வந்துர்றேன்"னு நிறுத்துவாங்க, நாங்க அதுக்கும் சிரிப்பு மூஞ்சி போடுவோம், அக்கா வீட்டுக்காரரு சாப்பிட வந்துட்டாருபோலன்னு. சிரிச்சோமே.

நான் போன் போடுறேன், அடிச்சு அடிச்சு நின்னுருது, திருப்பிப் போடுறேன், பிஸி, மெசேஜ் போடலாமா, மன்னிச்சிருங்கக்கான்னு டைப் பண்ணி, வேணாம், இத அவரு பாத்தா, மன்னிப்பு கேட்டா அக்காதான் எழுதுனாங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமே, அழிக்கிறேன், ஒரு எழுத்து ஒரு எழுத்தா அழிக்கிறேன், இப்பப் போயி வார்த்தைய பாத்துப் பாத்து எழுதுறேன். சம்பத் சார் கதவத் தட்டி, "இந்துஜா, உள்ள என்ன தூக்கமா, வெளிய ஆளு நிக்குது"ங்கிறாரு, கடை ஓனரு, கத்த மாட்டாரு, ஆனா கழுத்த மட்டும் உள்ள நீட்டுவாரு, "வந்துட்டேன் சார்". வெளிய ஒரு அம்மா, காலேஜ் படிக்கிற மகளக் கூட்டிட்டு வந்திருக்காங்க, மக கறுப்பு பிரேம எடுத்து மாட்டிப் பாக்கிறா, கண்ணாடில சிரிச்சுப் பாக்கிறா, அம்மா, "அது வேணாம், தங்கக் கலர் எடு"ங்கிறாங்க, "எனக்கு இதும்மா", "உனக்கு ஒண்ணும் தெரியாது, வையி கீழ", அந்தப் பொண்ணு வச்சிட்டா. சாதாரணமா வச்சிட்டா. நான் எதுவும் சொல்லாம தங்கக் கலர எடுத்து மாட்டி விடுறேன், காது பக்கம் சரி பண்றேன், "நல்லாருக்கு"ங்கிறேன், அவ என்னையப் பாக்கல. என் நெனப்பு வேற எங்கயோ நிக்குது, அந்த ஓட்டுச் சாவடியில நிக்குது, ஊரு ஸ்கூல்ல, தலைவருக்கு ரோஸ் சீட்டு, கையில குத்துற அந்த ரப்பர் முத்திரை, வீட்டுக்காரரு சின்னம் பூட்டு சாவின்னு சுவரெல்லாம் எழுதிருக்கும், வீட்டுச் சுவர்லயே எழுதிருக்கும், அந்த அக்கா சீட்ட பிரிச்சு, பூட்டு சாவியத் தாண்டி, இன்னொரு படத்து மேல, எதுன்னுகூட எழுதல அவங்க, எந்தப் படம்னு எழுதல, முத்திரைய வச்சு அமுக்கி, மடிச்சு, மை மேல ஒட்டிராம பாத்து மடிச்சு. வெளிய வந்து யாரையும் பாத்து முழிக்காம நடந்திருக்கணும். அப்புறம் சோறு வடிச்சிருக்கணும். அவரு தோத்துட்டு வந்து உக்காந்தப்ப எதிர்ல நின்னிருக்கணும். இத்தன நாளும் யாருகிட்டயும் சொல்லல. கடைசியில நம்பி ஒரு பெட்டிக்குள்ள போட்டாங்க, அந்தப் பெட்டிய செஞ்சது நானு.

போன் அடிச்சிருச்சு. செல்வராணி அக்கா. நான் அந்த அம்மாவ அப்டியே விட்டுட்டு மறுபடி பின்னாடி ஓடுறேன், ஜெரினா, "ஏய் இந்து"ங்கிறா, எடுத்ததும் அக்கா முதல் வார்த்தையே, "இந்து, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேம்மா, அவரும் இருக்காரு", குரல்ல ஒண்ணுமே இல்ல, மிஷின் சத்தமும் இல்ல, அவ்ளோ அமைதியா ஒரு நாளும் அவங்க குரலக் கேட்டதில்ல. "அந்த மஞ்ச அட்டையில இருக்கிறத எழுதுனது யாருன்னு அவருக்குத் தெரியணுமாம்." தெரியாதுன்னு சொல்லலாமா, தெரியாதுன்னா அவங்களாவும் இருக்கலாம்னு ஆயிரும், வேற ஒரு ஊரு பேரச் சொல்லலாமா, அங்க எவ வாழுறாளோ, எல்லாம் ஒரு நொடிக்குள்ள ஓடுது, "நாந்தாங்க்கா எழுதுனேன்"ங்கிறேன், "யாரும் அப்டி எழுதல, குரூப்ல ஆளுங்க பாக்கட்டும்னு நானா எழுதிப் போட்டது." ஒரு மூச்சு விடுற சத்தம், யாரு மூச்சுன்னு தெரியல. அப்புறம் அவரு. "ஏம்மா, நத்தம்னு எதுக்குப் போட்ட?" "சும்மா... ஒரு ஊரு போட்டா நம்புவாங்கன்னு." "ஊரும் உனக்கு சும்மா தோணும். தையலும் தோணும். தலைவர் எலெக்‌ஷனும் தோணும். அம்புட்டும் தோணுமா?" "பொய் சார் அது. சத்தியமா பொய்." "அப்ப குரூப்ல போடு. உம் பேர்ல, பொய்யின்னு போடு. ஊருல காறித்துப்புறான் என்னைய." "போடுறேன் சார்." வச்சிருவாருன்னு பாத்தேன், வைக்கல. என்னையக் கேக்க வச்சுக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. "சொல்லு, அந்தப் புள்ளையும் கேக்கட்டும். யாருக்குப் போட்ட?" "உங்களுக்குத்தான்." "எந்தச் சின்னம்?" "பூட்டு சாவி." "சீட்டு என்ன கலரு?" "ரோசு." "எம் மூஞ்சியப் பாத்து சொல்லு." "உங்களுக்குத்தாங்க போட்டேன்." "இன்னொருக்க." "உங்களுக்குத்தான்." அவரு கேக்குறாரு, அக்கா சொல்றாங்க, கேக்குறாரு, சொல்றாங்க, ஆப்ஷன் ஒண்ணே ஒண்ணு, நான் போன காதுல வச்சுக்கிட்டு சுவர்ல சாஞ்சு நிக்கிறேன், கட் பண்ணவும் முடியல, கட் பண்ணா அங்க என்ன ஆகும், நான் கேட்டுட்டு இருக்கிற வரைக்குமாவது. அப்புறம் அவங்களே கட் பண்ணிட்டாங்க.

போட்டுட்டேன். குரூப்ல போட்டுட்டேன், "காலையில வந்த மஞ்ச அட்டையில இருந்தது உண்மையான பதில் இல்ல. நம்ம தோழிங்க யாரும் அப்டி எழுதல. நான் இந்துஜா, என் கற்பனைல எழுதிப் போட்டேன். யாரையும் சம்பந்தப்படுத்தாதீங்க." எவ்ளோ சுளுவா வருது பொய்யி, ஒரு கேள்வி எழுதவே பத்து தடவ அழிச்சவ நானு, இத ஒரு தடவையில எழுதிட்டேன். உடனே ஆரம்பிச்சிட்டாங்க, எங்க நேரத்த எதுக்கு வீணாக்குன, இதுக்குத்தான் படிச்ச புள்ளைங்கள அட்மினா போடக்கூடாது, பவித்ரா தனி மெசேஜ்ல வந்து, "அப்ப நான் எழுதுனதையும் நீ இப்டித்தான் மாத்துவியா? நான் எங்க வீட்டு விஷயமெல்லாம் எழுதிருக்கேண்டி"ங்கிறா, அவ என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியாது, எதுவா வேணா இருக்கலாம், மொத்தத்தையும் அழிச்சிட்டேன், எல்லாப் பதிலையும், பாபின் கேஸ், வாழ்க வளமுடன், எல்லாம். பாவம் அந்தத் தம்பி வீடு, இனி என்னைக்கும் அவங்கதான் போடலன்னு ஆயிருச்சு, அதையும் நான்தான் முடிச்சு வச்சிருக்கேன். செல்வராணி அக்கா வாழ்க்கையில அவங்களா செஞ்ச ஒண்ணு, அது நடக்கவே இல்லன்னு நான் எழுதி, என் பேரப் போட்டு, ஊரே பாக்க வச்சிட்டேன், அதுக்கு அவங்க ஒரு லைக் போட்டிருக்காங்க, இல்ல, அவங்க போன்ல இருந்து யாரோ போட்டிருக்காங்க, கொஞ்ச நேரத்துல குரூப்ப விட்டு வெளிய போயிட்டாங்க. போன் போட்டா சுவிட்ச் ஆப். அல்போன்சா அக்கா, நாளைக்கு நான் பழனிலருந்து பஸ் ஏறி நேர்ல போயி பாத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் நீ ஒண்ணும் பண்ணாதங்கிறாங்க. நாளைக்கின்னா இன்னிக்கு சாயங்காலம் இருக்கே. சாயங்காலம் அவரு வீட்லதானே இருப்பாரு. வெளிய சம்பத் சார் கூப்பிடுறாரு, கறுப்பு பிரேம் வேணும்னு கேட்ட பொண்ணு தங்கக் கலர மாட்டிட்டுப் போயிட்டா, வேற யாரோ வந்திருக்காங்க, சார்ட்ல கடைசி வரிய படிக்கச் சொல்லணும், தெரியுதா தெரியுதான்னு கேக்கணும், கண்ணத் தொடச்சிட்டுப் போகணும், அதுக்குள்ள முன்னப்பின்ன தெரியாத உங்களுக்கு இத டைப் பண்ணிட்டு இருக்கேன், யாருகிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. அக்கா நல்லாருக்காங்களான்னு எனக்குத் தெரியல. கெட்ட எண்ணம் துளிகூட இல்லங்க எனக்கு, அந்தப் பதில் அவ்ளோ பிடிச்சிருந்துச்சு, நாலு பேரு பாக்கட்டும்னுதான் எடுத்துப் போட்டேன். உங்களுக்கும் இப்டி ஆயிருக்கா? யாரோ ஒருத்தங்க நம்பி சொன்னது ரொம்பப் பிடிச்சுப்போயி, அத வெளிய எடுத்துக் காட்டி, அப்புறம் அவங்க போன் எடுக்கலையேன்னு இப்டி நின்னிருக்கீங்களா?